வேன் வரை இறங்கி வந்த மாஜிஸ்திரேட்

பன்றிக் காய்ச்சல் பயத்தில் ஹைதராபாத்தே முகமூடி போட்டிருந்த சமயம். கச்சிபௌலியில் சிக்னலைத் தாண்டியதற்காக நான் கோர்ட்டில் நின்றிருந்தேன். மாஜிஸ்திரேட் ஒடிசலான மனிதர். எந்தக் கைதி வந்தாலும் கண்ணாடியைக் கழற்றி, முகத்தை நேராகப் பார்த்து, "யாராவது அடிச்சாங்களா?" என்று தெலுங்கில் கேட்பார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "இவன் இருமுறான் சார், வேன்லயே இருக்கான். போன வாரம் மாதிரி பார்க்காமலே காவலை நீட்டிச்சிடுங்க."

"அப்படிச் செய்யலாமா?" என்று என் வக்கீலிடம் கிசுகிசுத்தேன். ஹைதராபாத் மெட்டுகுடாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். "நக்கோ தம்பி, வேண்டாம், வாயை மூடு. காய்ச்சல் முடியறவரைக்கும் சட்டத்துக்கு லீவு!"

'போன வாரம் மாதிரி' என்றதுமே மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றுவிட்டது. எழுந்து வாசலுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். வேன் கம்பிக்கு அருகே போய், கண்ணாடியைக் கழற்றி அதே கேள்வியைக் கேட்டார். உள்ளே இருந்தவன் வீங்கிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"போன வாரமே காட்டியிருப்பேன் ஐயா. உங்ககிட்ட கூட்டிட்டு வரலையே."

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து ஸ்டெனோவிடம் சொன்னார். "கைதியைப் பார்க்காமல் போன வாரம் காவலை நீட்டித்தது என் தவறு. எழுதுங்க."

"சார், இதையுமா?"

"இதைத்தான் முதல்ல."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "சிக்னலைத் தாண்டினீங்களா?" என்றார். கண்ணாடியைக் கழற்றவில்லை. மேஜையில் இருந்த, தன் தவறை எழுதிய தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆமா சார்" என்றேன். அப்போதும் அவர் நிமிரவில்லை.