முதல் இடியும் டீமேக்கர் ஐயாவின் கடவுச்சொல்லும்

நடந்தது இதுதான்:

1. பனிக்காலம் முடிந்து முதல் இடி இடித்தது.
2. டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஓடிப்போய் அலுவலகக் கணினியின் பிளக்கைப் பிடுங்கினார்.
3. மறுநாள் காலையில் கணினி யாரையும் உள்ளே விடவில்லை. பிழைச் செய்தி காட்டி அணைந்தது, எழுந்தது, அதையே மறுபடி காட்டியது.
4. ஹட்டனில் ஒரு கடையில் கணினி திருத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எல்லோரும் அப்படித்தான். இடி கேட்டால் டிவி, சார்ஜர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. மலைமேல் அது நல்ல பழக்கம், கணினிக்குத்தான் ஒத்துவராது. யாரை உள்ளே விடலாம் என்ற விவரம் இருக்கும் பாதுகாப்புக் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய், அது பாதியில் சிதைந்துவிட்டது.

மாட்டிக்கொண்டது அந்தப் பருவத்தின் கடைசித் தேயிலை. குளிரும் காய்ந்த காற்றும் சேர்ந்து வாசம் ஏறிய தேயிலை. டீமேக்கர் ஐயா முகர்ந்து முகர்ந்து பதம் பார்த்துத் தயாரித்தது. பைகள் கட்டியாகிவிட்டன. எந்தப் பையில் எந்த ரகம் என்ற விவரம் அன்று நண்பகலுக்குள் கொழும்புத் தரகருக்குப் போனால்தான் ஏலத்தில் இடம். போகாவிட்டால், பின்னால் வரும் மழைக்காலத் தேயிலையோடு சேர்ந்து அதுவும் சாதாரணமாகிவிடும்.

“கொழும்புல இருந்து ஆள் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ஏம்புள்ள, ஒன்னால ஏலுமா?” என்று கேட்டார் டீமேக்கர் ஐயா.

“பாத்துட்டு சொல்றேங்க ஐயா.”

“டாக்டர் மாதிரியே சொல்லாத புள்ள, பயமா இருக்கு.”

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே தேயிலை சலிக்கும்போது பறக்கும் பஞ்சு மெத்தைபோல அப்பியிருந்தது, துடைத்தேன். யூஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி அதன் வன்வட்டைச் சோதித்தேன். வட்டு நலமாக இருந்தது. எல்லாவற்றையும் என் வட்டுக்குப் பிரதி எடுத்தேன். ஆனால் அந்த விவரங்களைத் திறக்கும் மென்பொருள் அந்த ஒரே கணினியில்தான் இயங்கும். உள்ளே போயே ஆகவேண்டும். பழைய கணினி என்பதால் ஒரு வசதி இருந்தது: பாதுகாப்புக் கோப்புகளின் பிரதியை அது தானாகவே இன்னொரு இடத்தில் எடுத்து வைத்திருந்தது. சிதைந்தவற்றை ஒதுக்கிவிட்டு அந்தப் பிரதிகளை வைத்தேன். உள்நுழையும் திரை வந்தது. அலுவலகமே மூச்சு விட்டது.

ஐயா கடவுச்சொல்லைத் தட்டினார். தவறு என்றது. மறுபடி தட்டினார். தவறு. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஐயா, கிட்டடியில பாஸ்வேர்ட மாத்துனீங்களா?”

“ஆமா, போன வாரம்.”

“நான் வச்சது அதுக்கு முந்தின பிரதிங்க. அதுக்குப் புதுசு தெரியாது. பழச போடுங்க.”

அவர் தட்டவில்லை. வாசலில் சல்லடைப் பகுதிப் பெண்கள் கூடியிருந்தார்கள். “எல்லாரும் அங்கிட்டு போங்க,” என்றார்.

அவர்களில் ஓர் அக்கா விடவில்லை. “என்னாங்க ஐயா வெக்கம்? வீட்டம்மா பேரு, பின்னால ‘கண்ணு’. ஃபெக்டரிக்கே தெரியுமே!”

“அடிப்பாவிகளா, அதுக்குத்தானே மாத்தினேன்!”

எங்கள் பக்கம் பார்க்காமல் தட்டினார். திரை திறந்தது. எழுந்த கூச்சலில் உருளை இயந்திரங்களின் சத்தம்கூடக் கேட்கவில்லை. விவரம் நண்பகலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. ஏலம் முடிந்த அன்று கடைக்குத் தொலைபேசி வந்தது: “புள்ள, நம்ம தேயிலைய போட்டி போட்டு வாங்கிட்டாங்க!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வீட்டம்மாகிட்டயும் யாரோ சொல்லிட்டாளுக. காலையில இருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கா.”

இப்போது ஐயா ஓய்வு பெற்று, கந்தப்பளையில் மகள் வீட்டில் வீட்டம்மாவோடு இருக்கிறார். ஹட்டனில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையின் கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. அதன் பனிக்காலத் தேயிலை இதுவரை எந்த ஏலத்தையும் தவறவிடவில்லை.