ஜாவாவுக்குச் செவ்வரத்தை, பைதனுக்கு நந்தியாவட்டை

புயலடித்து வாசிகசாலையின் கூரைத் தகரங்கள் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குள் வந்து விழுந்த வருஷம் அது. அதில் ஒரு தகரம் இன்றும் எங்கள் கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது. வாசிகசாலைக்காரரும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது.

அக்கா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். கரவெட்டியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்குகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும் என்றாள். அங்கே இரண்டு கம்ப்யூட்டர் பாஷைகள்: ஜாவாவுக்கு ஒரு வகுப்பு, பைதனுக்கு ஒரு வகுப்பு. கனடாவில் இருந்த பெரிய மாமா ஜாவாதான் வேலை தரும் என்றார். லண்டனில் இருந்த சின்ன மாமா, புதிதாகத் தொடங்குகிறவளுக்குப் பைதன்தான் லேசு என்றார். இருவரும் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள். ஒரு காணிப் பிரச்சினையால் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. போன் வரும்போதெல்லாம் அம்மா அவருக்கும் "ஓம் அண்ணை", இவருக்கும் "ஓம் தம்பி" என்று சொல்லிவைத்தாள்.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. அக்கா சாப்பிடாமல் கிடந்தாள்.

"எதெண்டாலும் பரவாயில்லை. என்னைத் தொடங்க விட்டால் காணும்."

"பிள்ளையாரிட்டைப் பூ வைச்சுக் கேட்பம்" என்றார் அப்பா. கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் கேட்கிறவர்கள், இதற்குக் கேட்டால் என்ன? ஜாவாவுக்குச் சிவப்புச் செவ்வரத்தை, பைதனுக்கு வெள்ளை நந்தியாவட்டை. ஐயர் இரண்டையும் தனித்தனி வாழையிலையில் மடித்துப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். ஒன்றும் அறியாத சின்னப்பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே என்னைத் தள்ளிவிட்டார்கள். ஒரு மடிப்பின் ஓரம் கிழிந்து வெள்ளை தெரிந்தது. சின்ன மாமா எனக்குச் சப்பாத்து அனுப்பியவர். நான் வெள்ளையை எடுத்தேன்.

அன்றே அப்பா கனடாவுக்குப் போன் எடுத்தார். "நாங்கள் என்ன செய்யிறது மச்சான், பிள்ளையார் சொல்லிப்போட்டார்."

பெரிய மாமா, "வாடின பூ இல்லையே?" என்று கேட்டார்.

"காலமை செடியிலை ஆய்ஞ்ச பூ" என்றார் அப்பா.

வகுப்பு தொடங்கிய பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. ஒருநாள் அக்காவிடம் சொன்னேன், "நான் பாத்துத்தான் எடுத்தனான். பிள்ளையார் கோவிப்பாரோ?"

"எனக்குத் தெரியும். உன்ரை முழியைப் பாத்தனான்" என்றாள். "அவருக்கு ஜாவாவும் தெரியாது, பைதனும் தெரியாது. பேசாமல் இரு."

அடுத்த வருஷம் அவள் ஜாவாவும் படித்தாள். எனக்குத் தலை சுற்றியது. இரண்டையும் படிக்கலாம் என்றால் பூ எதற்கு? அப்பாவிடம் கேட்டேன். அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அப்பா பிள்ளையாரிடம் கேட்டது கம்ப்யூட்டர் பாஷையை அல்ல. அம்மாவின் இரண்டு சகோதரங்களில் ஒருவருக்கு "இல்லை" சொல்ல ஓர் ஆளைத்தான். அது எனக்கு விளங்கியபோது அம்மா உயிரோடு இல்லை.

பெரிய மாமா இப்போது என் வீட்டில்தான் வந்து தங்கி நிற்கிறார். இன்றைக்கும், பிள்ளையார் சொன்னதால்தான் விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்கிறார். வெள்ளை தெரிந்துதான் எடுத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரோடு கதைக்க நேர்ந்தால், மெதுவாக நீங்கள் சொல்லிவிடுங்கள்.