கொக்கியின் முனை

திருவொற்றியூரில் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. முகத்துவாரக்குப்பத்திலிருந்து கோமதி அங்கே பயிற்சிக்கு வருவாள். மாவட்ட அணிக்கான தேர்வில் மையம் அவளுக்குத் தந்த ரைபிள் மூன்று முறை சிக்கியது. சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழவில்லை. அடுத்த தோட்டா ஏறவில்லை.

"துப்பாக்கிலதான் இன்னாவோ கீது சார்," என்றாள்.

"நான் சர்வீஸ் பண்ண துப்பாக்கிம்மா. உன் கைதான் நடுங்குது," என்றேன், எல்லார் முன்னாலும். திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் தேர்வாகவில்லை. பிறகு பயிற்சிக்கும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வேறொருவர் கையிலும் அதே ரைபிள் சிக்கியது. பிரித்தேன். காலி உறையைக் கவ்வி இழுக்கும் சின்னக் கொக்கியின் முனை மழுங்கிப் போயிருந்தது. புதிதை மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றே குப்பத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் கோமதி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுங்க சார். என் கைதான் சரியில்ல. நீங்கதானே சொன்னீங்க?" என்று சிரித்தாள்.

"இல்லம்மா, கொக்கிதான்," என்றேன் மறுபடியும். எனக்காகத் தலையாட்டினாள். அவள் நம்பவில்லை.

அவள் அடுத்த இறாலை எடுத்தாள். இறாலை உரித்துக்கொண்டிருந்த அந்த விரல்கள் ஒருமுறைகூட நடுங்கவில்லை.