மூணு ஃபைல் மட்டும்

"மறைந்த எங்கள் புரோகிராமரின் கவனக்குறைவால்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே போனார். நான் டைப்ரைட்டரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

அந்த மறைந்த புரோகிராமர் என் அண்ணன். அவன் செத்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. திருநகர் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் ஒரு லாரிக்காரன் அவன் மொபெட்டை இடித்துவிட்டு நிற்காமல் போனான். அந்த லாரிக்காரன் மேலே இருந்த ஆத்திரமே எனக்கு ஆறவில்லை. அதற்குள் இந்த ஆள்.

"என்னம்மா, அடி."

"அடிக்க மாட்டேன் சார்."

"உங்கண்ணன நான் ஒண்ணும் திட்டலம்மா. கவனக்குறைவுன்னுதான போடச் சொல்றேன். போனவன் வந்து கேக்கவா போறான்? நாளைக்கு இந்த ஆபீஸ் இருந்தாத்தான் உனக்கும் சோறு."

எண்பதுகளின் பிற்பாதி அது. காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த மாடிதான் எங்கள் ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர். பரீட்சை நடத்துகிற ஒரு நிறுவனத்துக்கு மார்க் பட்டியல் அச்சடித்துக் கொடுப்போம். புரோகிராம் முழுக்க என் அண்ணன் எழுதியது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். டைப்பில் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன் என்று அவன்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டான். சேர்த்துவிட்டுக் கீபோர்டில் கை வைக்க விடமாட்டான். "தொடாத. ஒம்பதாங்கிளாஸ் கழுதைக்கு இதெல்லாம் வெளங்காது" என்பான். அவன் நல்லவன் என்று எழுத நான் உட்காரவில்லை. வாய் ரொம்ப நீளம். ஆனால் வேலையில் பொய் சொல்ல மாட்டான்.

அந்த மாதம் நடந்தது இதுதான். மேலூர்ப் பக்கம் ஒரு மையத்தில் தனித்தேர்வராக எழுதிய அத்தனை பேருக்கும் தமிழில் ஒரே மார்க் வந்தது. எங்கள் பட்டியலில் தனித்தேர்வர் இருந்த மையம் அது ஒன்றுதான். ஒன்று. நூற்றுக்கு ஒன்று. அத்தனை பேரும் ஃபெயில். அந்தப் பட்டியல் எங்கள் பிரிண்டரிலிருந்து வந்தபோது முதலாளியும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"என்ன சார் எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணுன்னு வருது?" என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"பிரைவேட்டா எழுதுறவன் வேற எம்புட்டும்மா வாங்குவான்? கிழிச்சுக் கட்டு."

தாளைத் தாளாகக் கிழித்துக் கட்டினேன். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் ஃபெயிலாவார்கள் என்று பள்ளிக்கூடத்தை விட்டவளே நம்பினாள்.

பெற்றவர்கள் கூட்டமாகப் போய் அந்த நிறுவனத்து வாசலில் நின்றார்கள். அங்கிருந்து போன் வந்தது. முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார், புரோகிராம் எழுதிய பையன் இறந்துபோனான், அவன் விட்ட பிழை என்று. அந்தச் சேதி மேலூர் வரைக்கும் போனது. அங்கே இருக்கிற சின்னம்மா, என் அம்மாவின் கூடப் பிறந்தவள், நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் மகளும் அந்த மையத்தில்தான் எழுதியிருந்தாள்.

"பாத்துப் பாத்துப் படிச்சா என் மக. தமிழ்ல ஒண்ணு வாங்குறவளாக்கா அவ? ரெண்டு நாளாச் சோறு திங்காமக் கெடக்கா. ஒம் மகன் சொந்தத் தங்கச்சி முறைன்னுகூடப் பாக்காம அழிச்சுட்டுப் போயிட்டானே."

சுவரில் அண்ணன் படம் மாட்டி அன்றைக்கு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் அவ்வளவும் பேசினாள். அவள் போன பிறகு அம்மா எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றி, சீலைக்கு அடியில் பெட்டியில் வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டேன்.

"வாரவ போறவ எல்லாம் அவன் மூஞ்சியப் பாத்துக் கேக்கணுமா? இருக்கட்டும் உள்ள."

இதற்கு மறுநாள்தான் முதலாளி அந்த நிறுவனத்துக்குப் போகவேண்டிய கடிதத்தைச் சொன்னார். நான் அடிக்க மாட்டேன் என்றதும், "சரி, ஒரு நாள் டயம். நாளைக்குச் சாயங்காலம் லெட்டர் போகணும். நீ அடிக்கலைன்னா கீழ வேற ஆள வச்சு அடிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய் ஆபீஸைத் திறந்தேன்.

அண்ணன் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் பிளாப்பி மாற்றுகிற வேலை என்னுடையது. அவன் புரோகிராம் ஒரே துண்டாக இருக்காது. நாற்பத்துச் சொச்சம் ஃபைல். கம்பைலர் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தனித்தனியாகப் போடும். அதற்குப் பிறகு லிங்கர் அத்தனையையும் சேர்த்து ஒன்றாகத் தைக்கும். மொத்தமும் முடிய ஒரு பகல் முழுக்க ஆகும். ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் நின்று பிளாப்பி மாற்றுகிறவளுக்குக் கண் இருக்காதா? எந்த வரிக்கு எந்தச் சத்தம் வரும் என்பதுவரை எனக்குத் தெரியும்.

எந்த ஃபைலை எப்படி மாற்றவேண்டும் என்று ஒரு பட்டியலை அவன் எழுதி வைத்திருந்தான். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சாய்வுக் கோடு போட்டு ஓரிரண்டு எழுத்து இருக்கும். அதுதான் கம்பைலருக்கு இடுகிற கட்டளை. பட்டியலின் தலையில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் எல்லா ஃபைலையும் மறுபடி கம்பைல் செய்.

நான் பட்டியலைத் திறந்தேன். கடைசி மூன்று வரியில் மட்டும் மற்ற வரிகளில் இல்லாத ஒரு கட்டளை கூடுதலாக இருந்தது. தனித்தேர்வர் பட்டியலை அச்சடிக்கிற மூன்று ஃபைல் அவை. அண்ணனே போட்டிருப்பானோ? முதலாளி சொல்வது நிஜமாக இருந்தால் என்ன செய்வேன்?

கம்பைல் ஆகி வந்த ஃபைல்கள் இருக்கிற பிளாப்பியைப் போட்டுத் தேதியைப் பார்த்தேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் கரண்ட் போனால் தேதி மறந்துவிடும். காலையில் ஸ்விட்ச் போட்டதும் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். எவனும் அடிக்க மாட்டான். அண்ணன் போன பிறகு முதலாளியும் நானும் எண்டரைத் தட்டிவிட்டுப் போவோம். தட்டினால் அதுவாக 1980 ஜனவரி ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். அண்ணன் ஒருத்தன்தான் நாள் தவறாமல் தேதி, மணி, நிமிஷம் வரைக்கும் அடிப்பான். அவன் வந்து அடிக்கிறவரைக்கும் என்னை மெஷினைத் தொடவிட மாட்டான்.

ஃபைல் எல்லாவற்றிலும் அவன் அடித்த தேதி இருந்தது. அந்த மூன்றில் மட்டும் 1980 ஜனவரி ஒன்று. அந்தத் தேதிகளையும் அவன் எழுதிய தலைப்பையும் ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டேன்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. அந்த மூன்றும் அவன் போன பிறகு ஆனவை என்றால், ஆக்கியது யார்? இந்த ஆபீஸில் மிச்சம் இருப்பது இரண்டு பேர்.

நான்தான்.

தேதியைப் பார்த்ததும்தான் அந்த நாள் ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் நான் வேலைக்கு வந்தேன். வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவார் என்ற பயம். கண் வீங்கி இருந்தது. முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தத் தடவ ஆளு கூட, புரோகிராம் மெமரியில உக்கார மாட்டேங்குது. இந்தக் கட்டளையச் சேத்தா இடம் மிச்சமாகும்" என்றார். எல்லாத்தையும் போடணுமா சார் என்று நான் கேட்டேன். நான் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இப்பல்லாம் தெனமும் பதினோரு மணிக்குக் கரண்ட் போயிரும். மூணு ஃபைல் மட்டும் போடு. மத்தது கெடக்கட்டும்."

தேதி கேட்டது. எண்டரைத் தட்டினேன். மூன்று ஃபைல் மட்டும் போட்டேன். லிங்கர் ஒரு தப்பும் சொல்லாமல் தைத்துக் கொடுத்தது.

அந்தக் கட்டளை செய்வது சின்ன வேலை. ஒரு ஆளின் பெயர், மைய எண், மார்க் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கட்டம் கட்டமாக எழுதும்போது, நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விடும். இந்தக் கட்டளையைக் கொடுத்தால் விடாது, நெருக்கி எழுதும். எல்லா ஃபைலும் விட்டாலும் சரி, எல்லாம் நெருக்கினாலும் சரி, மார்க் அதன் இடத்தில் இருக்கும். எங்கள் புரோகிராமில் எழுதுகிற பழைய ஃபைல் ஒரு கட்டம் விட்டு எழுதியது, அதைப் படித்து அச்சடிக்கிற இந்த மூன்றும் விடவில்லை என்று நினைத்துப் படித்தன. எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போனது. தமிழ் மார்க் இங்கிலீஷில் போய் நின்றது. தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் மைய எண்ணின் ஒரு துண்டு வந்து நின்றது. எல்லாருக்கும் வந்த அந்த ஒரு மார்க் அதுதான்.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கு இந்த மாதிரி வார்த்தையாகத் தெரியாது. பழைய பட்டியலையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தால் மார்க் ஒரு வீடு தள்ளிக் குடிபோயிருந்தது. அது போதும்.

கூடுதல் கட்டளையை அழித்தேன். மூன்று ஃபைலையும் அண்ணன் வைத்திருந்தபடியே மறுபடி போட்டேன். லிங்கர் தைத்தது, ஆனால் ஓட்டினால் மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது. முதலாளி சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மை. அண்ணன் லிங்கர் வரியில் சில ஃபைலை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பான். அப்படிப் போட்டால் ஒரே இடத்தில் மாறி மாறி வந்து உட்காரும், ஒன்று எழுந்தால்தான் இன்னொன்று வரும். இந்த மூன்றும் அச்சடிக்கும்போது மட்டும்தானே வேண்டும். நானும் அடைப்புக்குறி போட்டேன். முதல் தடவை கமாவை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை ஓடியது. பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பட்டியல் வெளியே வந்தது. சின்னம்மா மகள் தமிழில் அறுபத்திரண்டு வாங்கியிருந்தாள்.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. முதலாளி வரும்வரை வேர்த்து ஊற்ற அந்தக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பட்டியலைப் பார்த்தார். "அட, சரியாயிருச்சே. யாரு பண்ணுனது?" என்றார்.

"நான்தான். கெடுத்ததும் நான்தான். மூணு ஃபைல் மட்டும் போடச் சொன்னது நீங்க."

"யார்கிட்டப் பேசுறன்னு தெரிஞ்சு பேசு."

"தேதியப் பாருங்க சார். எங்கண்ணன் எண்டர் தட்டுறவன் இல்ல. அவன் எழுதுன தலைப்பப் பாருங்க, எல்லாத்தையும் போடுன்னு எழுதியிருக்கான். செத்து பதினேழாம் நாளு நடந்ததுக்கு அவன் எப்படி சார் கவனக்குறைவா இருப்பான்?"

அவர் பட்டியலை மறுபடி புரட்டினார். பிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சரிம்மா. நீயே ஒத்துக்குற. அப்ப ஆபரேட்டர் தப்புன்னு ஒம் பேரப் போட்டு அடி."

"அடிக்கிறேன். நீங்க சொல்லிச் செஞ்சேன்னும் அடிப்பேன்."

இரண்டையும் அடித்தேன். கார்பன் வைத்து அடித்தேன். அண்ணன் பெயர் அதில் இல்லை. அவர் வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்து, தன்னைப் பற்றிய வரியை இரண்டு தாளிலும் மை தெறிக்க அடித்தார். மிச்சத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "இம்புட்டுத்தான் போகும். வேணாம்னா சொல்லு, பழைய லெட்டரே போகட்டும்."

நான் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அதை மடித்துக் கவரில் போட்டு, புதுப் பட்டியலோடு அந்த நிறுவனத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி ஆபீஸுக்குப் போகவில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போனால் அந்த ஆள் முகத்தில் எதையாவது எறிந்திருப்பேன்.

வீட்டில் அம்மாவிடம் கார்பன் காப்பியைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, இப்ப எம் மகன் பேரு இதுல இல்லையா?"

"இல்லம்மா."

"எங்கயும் இல்லையா? காட்டு."

இல்லாததை எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தில் விரலை நகர்த்தாமல் வைத்திருந்தேன். அம்மா அங்கே நிறுத்தவில்லை. "ம், அடுத்தது" என்றாள். மை போட்டு அடித்த வரிக்கு வந்ததும், "இது என்ன கருப்பா? இதுக்குள்ள இருக்கா அவன் பேரு?" என்று கேட்டாள்.

"அது அந்த ஆளு பேரும்மா."

"அப்பச் சரி."

சரி இல்லை. எனக்கு எதுவுமே சரி இல்லை. "நான் இருக்கேனே அதுல, என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று கத்திவிட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ உசுரோட இருக்க. ஒன்ன எவளாச்சும் கேட்டா நீ திருப்பிக் கேப்ப. அவன் எங்குட்டு வந்து கேக்க?"

காப்பியை நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டு, சின்னம்மாவைப் பார்க்க மேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் கூட வாரேன் என்றேன். நீ வேணாம் என்றாள்.