கார்வெலாட்டா யாருடைய ஊர்

ருபினா வாய்விட்டுச் சிரித்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

கெஃபலோனியாத் தீவில் எங்கள் ஊர் கார்வெலாட்டா. எப்போதோ கார்வெலோஸ் என்று ஒருவர் ஆடுகளோடு வந்து தங்கினாராம். அவர் வம்சத்தார் கார்வெலாட்டோஸ், அவர்கள் குடியிருந்த இடம் கார்வெலாட்டா. எங்கள் கிரேக்க இலக்கணப்படி அது அஃறிணைப் பன்மை. "ஒருத்தன் மடியில முடிஞ்சுக்கிட்டுப் போற பேரு இல்ல இது" என்பாள் ருபினா. அந்த வம்சத்துப் பெண். கல்யாணம் வேண்டாமென்று திராட்சைத் தோட்டத்திலேயே முதுகு ஒடிந்தவள்.

ஐம்பத்து மூன்றாம் வருடத்து நிலநடுக்கம் அவளைப் பெற்றவர்களை வீட்டோடு புதைத்தது. அவளும் தம்பி ஸ்டாத்திஸும் கூடாரத்தில் கிடந்தபோது, பக்கத்து ஸ்கினியாட்டோஸ் குடும்பம் எல்லைக்கல்லை நகர்த்தி அவர்களுடைய களத்தை விழுங்கியது. பின்னாளில் அதன்மேல் பனாகிஸ் ஸ்கினியாட்டோஸ் மாடி வீடு கட்டினான். நாற்பது வருடம் ருபினா அந்த மாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

ஸ்டாத்திஸ் இறந்ததும், ஊர்த் தலைவராகிவிட்ட பனாகிஸ் என் காபிக்கடையில் ஒரு மனுவை விரித்தான். ஊருக்கு ஸ்கினியாட்டா என்று பெயர் மாற்ற வேண்டுமாம்.

"அந்தப் பேருல இப்ப ஒரு ஆம்பள இல்ல. செத்த பேரை விட்டுடு அக்கா."

"கையெழுத்து வாங்கு பனாகிஸ். நிதானமா வாங்கு" என்றாள் ருபினா.

பனாகிஸின் ஒரே மகன் மேமாஸ், ஸ்டாத்திஸின் மகள் டயமாண்டினாமேல் பைத்தியமாக இருந்தது அவளுக்குத் தெரியும். திராட்சைத் தோட்டமும் கைக்கு வரும் என்று பனாகிஸ் சம்பந்தத்துக்குத் தலையாட்டினான். பிள்ளைகளுக்கு யார் குடும்பப் பெயர் என்று எங்கள் சட்டப்படி கல்யாணத்துக்கு முன்பே எழுதித் தரலாம். ருபினா நீட்டிய தாளில் மேமாஸ் கையெழுத்துப் போட்டான். அப்பனிடம் மூச்சுவிடவில்லை.

கல்யாணமாகி ஒரு பேரனும் பிறந்தான். எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானத்தில்தான் குழந்தையின் பெயர் வெளியே வரும். ஞானத்தாய் உரக்கச் சொன்னாள்: "பனாகிஸ்!" தாத்தாவின் பெயர். பனாகிஸ் மீசையை முறுக்கினான். பாதிரியார் பதிவேட்டில் எழுதியதை வாசித்தார்: "பனாகிஸ் கார்வெலாட்டோஸ்."

முறுக்கிய கை அப்படியே நின்றது. எனக்குப் பரம திருப்தி, மறைக்கமாட்டேன்.

மறுநாள் மனு குப்பையில் கிடந்தது. சொந்தப் பேரனின் பெயரைச் செத்த பெயர் என்று எவன் சொல்வான்?

"அந்தப் பாவியோட பேரை எதுக்குக்கா வெச்சே? உங்கப்பா பேரை வெச்சிருக்கலாமே" என்று கேட்டேன்.

அப்போதுதான் ருபினா சிரித்தாள். இன்னும் தவழக்கூடத் தெரியாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த மாடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"டேய் பனாகிஸ் கார்வெலாட்டோஸ்! இங்க வாடா!"

மாடியில் கிழவன் திரும்பிப் பார்த்தான்.