இரவல் வாய்

"இல்லைங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்று கையிலிருக்கும் கேரட்டிடம் சொல்கிறார் ரஞ்சனி. கேரட் வாய் திறப்பதில்லை. காதுக்குள் பேசுகிற ஆளுக்கும் இது கேட்கப் போவதில்லை. அவர் சென்னையில் எங்கோ உட்கார்ந்து, அடுத்த தேர்தலில் யார் யாரோடு சேருவார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையலறை. காய் நறுக்கும் மேசையில் ஜன்னலோர இடம் ரஞ்சனிக்கு. கம்பளிக் குல்லாவுக்குள் வலது காதில் மட்டும் ஒயர் போகும். இடது காது குக்கருக்கும் பக்கத்தில் வெங்காயம் உரிக்கும் மல்லிகாவுக்கும். பிடித்த கருத்து வந்தால் கத்தி தாளம் போடும். பிடிக்காதது வந்தால் காய் தடிமனாக விழும்.

"ஏனுங்கக்கா, நாட்டுல ஏதோ ஆயிருச்சாட்ட இருக்குதுங்களே?" என்று மல்லிகா கேட்பார்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"பீன்ஸைப் பாருங்க. ஒவ்வொண்ணும் வெரல் நீளத்துக்குக் கெடக்குது."

சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர் ரஞ்சனி. வளர்ந்தது சேரங்கோட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் கொறடா என்றால் யார், மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று யார் கேட்டாலும் உருளைக்கிழங்கை வரிசையாக அடுக்கி விளக்குவார். பெரிய கிழங்கு சபாநாயகர்.

மகன் சஞ்சய் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய போனை விட்டுவிட்டுப் போனான். அதில்தான் ரஞ்சனி அந்த அரசியல் விமர்சகரைக் கண்டுபிடித்தார். தடித்த கறுப்புக் கண்ணாடி போட்டவர், அதனால் சமையலறையில் அவர் பெயர் கண்ணாடிக்காரர். ரஞ்சனி கொஞ்ச நாள் இலவசமாகக் கேட்டார். பிறகு மாதச் சந்தா கட்டினால் கேள்வியும் கேட்கலாம் என்றார்கள். மகனைக் கேட்டுக் கேட்டு, கட்டிவிட்டார்.

கணவர் விஜயனுக்கு அது பொறுக்கவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். "சும்மா பேசினா ஊர் வம்பு, காசு வாங்கிட்டுப் பேசினா விமர்சனமா?" என்றார்.

"டீக்கடைப் பேச்சுக்கு யாரு பொறுப்பு? காசு வாங்குறவரு நமக்குப் பதில் சொல்லணும்ல" என்றார் ரஞ்சனி.

ஒருநாள் பதில் வந்தேவிட்டது. "ஊட்டியிலிருந்து ரஞ்சனி ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்" என்றார் கண்ணாடிக்காரர். ரஞ்சனி கத்தியைக் கீழே வைத்தார். ஒயரைப் பிடுங்கி, சமையலறை முழுக்கக் கேட்கும்படி வைத்தார். அன்று மதியம் பிள்ளைகளுக்குப் பாயசத்தில் முந்திரி கொஞ்சம் கூடவே விழுந்ததாக மல்லிகா சொல்கிறார்.

அதற்குப் பிறகுதான் ரஞ்சனியின் பேச்சில் வேறொரு குரல் ஏறத் தொடங்கியது. "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று ஆட்காட்டி விரலைத் தூக்குவது கண்ணாடிக்காரரின் வழக்கம். ரஞ்சனியின் விரலும் தானாகத் தூக்கிக்கொண்டது.

அந்த விரல் சேரங்கோட்டில் ஒரு விருந்திலும் உயர்ந்தது. அண்ணன் மனோகரனின் மகள் ரேஷ்மாவுக்கு நிச்சயதார்த்தம். மனோகரன் மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே கட்சி. பதவி எதுவும் கிடையாது. கொடிக்கம்பம் நடுவார், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார், மழையில் நின்று கோஷம் போடுவார். பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் தேர்தல் பேச்சை எடுக்க, அவர் தன் கட்சியைப் பற்றிச் சந்தோஷமாக ஏதோ சொன்னார்.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா," என்றார் ரஞ்சனி, "கூலிக்குக் கொடி புடிக்கிற கூட்டத்துக்கு நாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அது கண்ணாடிக்காரர் அந்த வாரம் சொன்ன வாக்கியம். சம்பந்தி தலை குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தார்.

மனோகரன் கோபப்படவில்லை. "இது யாரு வாயி ரஞ்சனி?" என்று கேட்டார். "நம்ம அம்மா பெத்த வாயி இப்படிப் பேசாது."

கல்யாணப் பத்திரிகை பஸ் கண்டக்டர் கையில் வந்தது. வீடு தேடி வந்து அழைக்கவில்லை என்று ரஞ்சனி போகவில்லை. விஜயன் மட்டும் போய் வந்தார். ரேஷ்மா தாலி கட்டிக்கொண்டதை அத்தைக்காரி வாட்ஸ்அப்பில் பார்த்தார்.

மறு வருடம் தேர்தல் நெருங்கிய ஒரு பிற்பகலில் மல்லிகாதான் அந்த வீடியோவைக் கொண்டுவந்தார். மேடை, மாலை, கூட்டம். நடுவில் கண்ணாடிக்காரர். இத்தனை காலம் வெளுத்து வாங்கிய அதே கட்சியில் சேர்ந்துவிட்டார், மனோகரனின் கட்சியில். காலத்தின் கட்டாயம் என்றார். வலது பக்கத்தில் நின்ற தலைவர் தோளில் தட்டினார்.

ரஞ்சனி வீடியோவை முழுக்கப் பார்த்தார். பிறகு முட்டைக்கோஸை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

"கட்டின காசெல்லாம் போச்சுங்களேக்கா" என்றார் மல்லிகா.

"காசு போகட்டும் மல்லிகா. அவர்கிட்டதான் பட்ஜெட்னா என்னான்னு தெரிஞ்சுகிட்டேன். வாத்தியார் கெட்டுப்போனா படிச்சது கெட்டுப்போயிருமா?" கத்தி நின்றது. "அவரு சிரிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. அவரு சொன்னதைச் சொல்லிட்டு நான்தான் அண்ணன் மூஞ்சியப் பாக்காம கெடக்கேன்."

அன்று மாலை மகனுக்குப் போன் போட்டுச் சந்தாவை நிறுத்தச் சொன்னார். கேட்பதை நிறுத்தவில்லை. இப்போது நாலைந்து பேரைக் கேட்கிறார், எல்லாம் இலவசம். யாராவது கருத்துக் கேட்டால் மட்டும் முதலில் காதிலிருந்து ஒயரைக் கழற்றுகிறார். கொஞ்சம் யோசிக்கிறார். சில நாள், "எனக்குத் தெரியலைப்பா" என்றுகூடச் சொல்கிறார்.

வீடியோ பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணனைப் பார்க்கக் கூடலூர் பஸ் ஏறினார். நடுவட்டத்து வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுப்பவர். அன்று என்ன பேசுவது என்ற யோசனையில் வாந்திகூட மறந்துபோனது.

சேரங்கோட்டு வீட்டு வாசலில் அண்ணி அன்னக்கிளி நின்றிருந்தார். ஒரு கணம் பார்த்துவிட்டு, "சாயத்தண்ணி குடிக்கிறியா ரஞ்சனி?" என்றார். பால் இல்லாத தேநீருக்கு அந்த வீட்டில் இன்னும் இலங்கைத் தோட்டத்துப் பெயர்தான்.

மனோகரன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வெளியே கிளம்பியவர் போலவும் இருந்தது, கிளம்ப மனமில்லாதவர் போலவும் இருந்தது.

"கூடலூர்ல இன்னைக்குக் கூட்டம்" என்றார், சுவரைப் பார்த்து. "ஒன் ஆளு வர்றாரு. கூலிக்குக் கொடி புடிக்கிறவன்னாரு. அவருக்கு நான் கொடி கட்டணுமாம்."

"நானும் அதைத்தானே சொன்னேன் அண்ணே."

"அவரு எனக்கு யாரு? ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான். நீ சொன்னதுதான் தைச்சிச்சு."

ரஞ்சனி சாயத்தண்ணி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தார். "ரேஷ்மா கல்யாணத்துக்கு வராம இருந்தது தப்பு அண்ணே" என்றார். "பேசினது அதைவிடத் தப்பு." மனோகரனின் பார்வை சுவரை விட்டு இறங்கி, தங்கையின் நரைத்த தலையில் வந்து நின்றது.

பாதையில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. "மனோகரண்ணே! நேரமாச்சு!" என்று குரல்கள். மனோகரன் அசையவில்லை. ஹாரன் மறுபடியும் அடித்தது.

"போங்க அண்ணே" என்றார் ரஞ்சனி.

"அவன் மேடையில, நான் கீழயா?"

"அவரு நேத்து வந்தவரு. கொடி ஒங்களோடது." டம்ளரைக் கீழே வைத்து, "எனக்கு இந்தக் கட்சிய அப்பவும் புடிக்காது, இப்பவும் புடிக்காது. ஓட்டும் போட மாட்டேன். அது வேற" என்றார்.

மனோகரனின் மீசை லேசாக அசைந்தது. "இது ஒன் வாயிதான்" என்று எழுந்தார்.

துணி காயப்போடும் கொடியில் கட்சிக்கரை போட்ட துண்டு தொங்கியது. அவர் கை நீட்டுவதற்குள் ரஞ்சனி அதை எடுத்து ஒருமுறை உதறினார். நீளவாக்கில் மடித்து அண்ணன் தோளில் போட்டார். கரை உள்பக்கம் மடங்கியிருந்தது. அதை விரலால் இழுத்து, ஜீப்பில் இருப்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி வெளியே எடுத்துவிட்டார்.