முழுங்காத குடிகாரர்

கண்ணாடித் தம்ளரைச் சாய்த்து, எதிரே நிற்கும் பஸ்ஸின் வெள்ளைப் பக்கத்துக்கு நேராகப் பிடித்து, டீயின் நிறத்தைப் பார்க்கிறார் அய்யம்பெருமாள். பிறகு தம்ளரை வட்டமாக ஒரு சுழற்றுச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுகிறார். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கின் மேல் புரட்டி, கூடவே கொஞ்சம் காற்றையும் 'ஸ்ர்ர்' என்று இழுக்கிறார். அப்புறம் எழுந்து ஓரமாகப் போய்ச் சுத்தமாகத் துப்பிவிடுகிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் தங்கள் தம்ளரைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

"யோவ், குடிக்கிறதுன்னா குடி, துப்பாத. பாக்குறவன் பல்லி கில்லி வுழுந்துருச்சோன்னு எந்திரிச்சுப் போறான்" என்று கத்துகிறார் டீக்கடை வெள்ளைச்சாமி.

"டீ நல்லாத்தாங்க இருக்கு. பாலுதான் ரெண்டு தரம் காஞ்சிருக்கு. மேல பொக வாசம். அடியில லேசா வெங்காயம்."

"காலையில வெங்காய வடை போட்டேன்யா. அது ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொல்லலீங்க. இருக்குன்னு சொன்னேன்."

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. டீயை மட்டுமல்ல, இளநீர், மோர், கிணற்றுத் தண்ணீர் எதையும் அவர் நேரடியாக வாய்க்குள் விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் நிறம், பிறகு மூக்கு, கடைசியில்தான் நாக்கு. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தையும் இப்படியே ஆராய்ந்து துப்பிவிட்டாராம். கம்பவுண்டர் அதற்குப் பிறகு ஊசிதான் போடுகிறார்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே கொஞ்சம் மானாவாரி நிலம், பருத்தியும் சின்ன வெங்காயமும். இன்றைக்கு அவருக்கு உள்ளது அவ்வளவுதான். அதற்கு முன்னால் சரக்குக் கப்பல் ஒன்றில் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவர். கப்பல் ஸ்பெயின் தேசத்துத் துறைமுகங்களுக்கு அடிக்கடி போகும். அங்கே சிவப்பு ஒயின் வாங்கி வருவதும், பரிமாறுவதற்கு முன் ஒரு வாய் பார்த்து, நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று சொல்வதும் இவர் பொறுப்பு. வேலை நேரத்தில் விழுங்கக் கூடாது என்பது கப்பல் சட்டம். துப்பத் தொடங்கியவருக்கு அந்தப் பழக்கம் கரைக்கு வந்த பிறகும் போகவில்லை.

ஒயின் என்றால் ஏதோ மகாராஜா சமாசாரம் என்று நாம் நினைத்துவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "வெல கூடுனதெல்லாம் கேப்டனோட போயிரும் சார். நான் சொல்றது அந்த ஊருல கூலிக்காரன் ரொட்டியோட வச்சுக் குடிக்கிறது. ஆனா அதையும் ஓக்கு மரப் பீப்பாயில வருசக்கணக்கா தூங்க வைப்பான். கிரியாஞ்சான்னு பேரு. வளர்ப்புன்னு அர்த்தமாம். சும்மா காச்சி வடிச்சு ஊத்துற கதையில்ல."

மரம் என்றதும் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அட, நம்ம வேலம்பட்டை போட்ட சாராயம்!" என்றார்கள். அன்றைக்கு இரவு அய்யம்பெருமாள் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி செல்லக்கண்ணு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எழுபத்தாறில் அவர் கப்பலை விட்டு வந்தபோது உறவு முழுக்க வாசலில் கூடியது. கப்பல்காரன் என்றால் டேப் ரிக்கார்டர், நைலக்ஸ் சேலை, சென்ட் பாட்டில் வரும் என்பது உலக வழக்கம். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வேட்டியில் சுற்றிச் சுற்றி வைத்த சிவப்பு ஒயின். அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டு போனவர் போனவர்தான். கூட வந்த காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையைச் செல்லக்கண்ணு கார்த்திகைக்கு விளக்கேற்ற எடுத்துக்கொண்டார். பாட்டில்களைப் போலீசுக்குத் தெரியாமல், குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் படுக்கப் போட்டு வைத்தார் அய்யம்பெருமாள். வெற்றிலைக் கட்டைக் காப்பாற்றுவது போல அதற்குத் தினமும் தண்ணீர் தெளிப்பார்.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. மீட்டர் பார்க்கப் போன ஒரு நாள், கடைசிக்கு முந்திய பாட்டிலில் எனக்கும் பங்கு கிடைத்தது. கார்த்திகை விளக்கைக் கழுவிக் கொண்டுவந்து இரண்டு வாய் அளவுக்கு ஊற்றினார். புளியங்கொட்டைத் தோலின் நிறம்.

"மூக்குக்கு என்ன சேதி சார் வருது?"

"டானிக் வாசனை."

அவர் முகம் வாடிவிட்டது. "அவசரப்படாதீங்க. மொதல்ல பழம் வரும். அப்புறம் மரம். அது பின்னால ஐஸ்கிரீம் கடை வாசம் வரும். எல்லாம் போனப்புறம் கடைசில தோலு."

"தோலா?"

"புதுச் செருப்ப எடுத்து மோந்து பாத்திருப்பீங்கள்ல, அது."

நான் புதுச் செருப்பை மோந்து பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணை மூடி நாக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, பொய் சொல்லவில்லை, எங்கிருந்தோ ஒரு மரப்பெட்டி திறந்தது. பெட்டிக்குள் கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் உலர்ந்த திராட்சை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சந்தோஷத்தில் விழுங்கிவிட்டேன். நான் துப்புவதற்காக வெற்றிலைப் படிக்கத்தை ஏந்திக்கொண்டு நின்றவர், கைக்குழந்தையைக் கீழே போட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "முழுங்கிட்டீங்களே சார்" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் குடிகாரர். சாராயக்கடைகளை அரசாங்கமே ஏலம் விட்டுத் திறந்த பிறகு, பொழுது சாய்ந்தால் பாதி ஊர் அங்கேதான் நிற்கிறது. அவர்களுக்கு யாரும் எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை. பாடுபடுகிறவன், அசதிக்கு ஊற்றிக்கொள்கிறான். வாயில் விட்ட எதையும் தொண்டைக்கு இறக்காத அய்யம்பெருமாள்தான் கெட்டுப்போனவர். "சீமைச் சரக்கப் பொதைச்சு வச்சு, தனியா மோந்து மோந்து குடிக்கிறான்" என்று பேச்சு பரவிவிட்டது. அவர் மகள் மலர்கொடிக்கு வந்த இரண்டு வரன்கள் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் திரும்பிப் போயின. பத்தாவது வரை படித்த, தலை நிமிராத, நல்ல பெண். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எதையும் ஆராய மாட்டார், சும்மா தரையைப் பார்ப்பார்.

மூன்றாவதாக அரும்பாவூரிலிருந்து சிங்காரவேலு என்பவர் தம் மகனுக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். "கவர்மெண்ட் ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா மரியாதைங்க" என்று அய்யம்பெருமாள் என்னை அழைத்தார். மீட்டர் பார்க்கிற எனக்கு அவ்வளவு மரியாதை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போனேன்.

சித்திரை மாத வெயில். பஜ்ஜி, கேசரி முடிந்தது. பெண் பிடித்துவிட்டது. சிங்காரவேலு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"எல்லாம் சரிங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாட்டிலு."

அவர் பக்கமிருந்து காற்று வீசியபோது முந்தின நாள் சாராயக்கடையின் வாடை எங்களுக்கும் எட்டியது. அய்யம்பெருமாளின் மூக்கு ஒரு முறை அசைந்தது.

"உங்க ஊருலயும் குடிக்கிறாங்கல்லங்க?" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"குடிப்போம் சார், நானே குடிப்பேன், மறைக்கல. நாங்க ஒடம்பு வலிக்குக் குடிக்கிறோம், வலி போனா நிறுத்திருவோம். இவரு ருசிக்கில்ல குடிக்கிறாரு! ருசி எப்ப சார் நிக்கும்?"

வந்த கூட்டம் முழுவதும் தலையாட்டியது. சிங்காரவேலு தொடர்ந்தார்.

"கைவசம் இருக்கிறத எங்க கண்ணு முன்னால கீழ ஊத்திருங்க. இப்பவே தாம்பூலம் மாத்திக்குவோம்."

இருந்தது ஒன்றுதான், கடைசிப் பாட்டில். மலர்கொடி கதவோரம் நின்றிருந்தாள். அய்யம்பெருமாள் எழுந்து பானையடிக்குப் போய் மணலைத் தோண்டினார். மேலும் தோண்டினார். பாட்டில் இல்லை.

செல்லக்கண்ணு கிட்டே வந்து, எங்களுக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். "ஏங்க, அங்கன இல்லீங்க. வர்றவங்க தண்ணி மோக்கப் போனா கண்ணுல படும்னு, மாசி மாசம் வரன் வந்தப்பவே எடுத்து அடுப்புக்கு மேல பரண்ல வச்சிட்டேன். மொளகா மூட்டைக்குப் பின்னால."

பெண் பார்க்க ஆள் வரும் வீட்டில் ஆகாததெல்லாம் பரணுக்கு ஏறுவது வழக்கம்தான். அடுப்புப் புகையும் ஓட்டின் சூடும் சேர்ந்து வேகும் இடம் அது. கப்பலில் கொதிக்கும் எஞ்சின் பக்கம்கூட அவர் ஒரு பாட்டிலை வைக்க விட்டிருக்க மாட்டார். அய்யம்பெருமாள் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். செல்லக்கண்ணுவுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை.

பாட்டில் இறங்கியது. சாவிக்கொத்தில் இருந்த திருகியால் தக்கையை எடுத்து, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். அவர் கண் மூடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே வாசனை அடித்தது, புளித்துப்போன காடியின் நெடி. பழமும் போய், மரமும் போய், எல்லாம் போய்விட்டிருந்தது.

"என்னங்க, மனசு வரலியா?" என்றார் சிங்காரவேலு.

'இது ஏற்கெனவே கெட்டுப்போச்சுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தியாகமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை செல்லக்கண்ணு தலையில் போய் விழும், வந்தவர்கள் முன்னால். சாக்கு என்று அவர்கள் நினைத்தால் மகள் தலையிலும் விழும்.

"வராம என்னங்க. நல்ல சரக்கு. அதான் ஒரு தரம் பாத்துக்கிட்டேன்" என்றார் அய்யம்பெருமாள்.

கூட்டம் பின்தொடர, கொல்லைக்குப் போய் வாழையடியில் நின்றார். கவிழ்த்துக் கொட்டியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ தோள்துண்டை எடுத்து நான்காக மடித்து இடது முன்கையில் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, பாட்டிலின் அடியைப் பிடித்து, நூல் போல ஒரே சீராக ஊற்றினார். "பெரிய மனுசன்யா" என்று சிங்காரவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிச் சொட்டு வந்ததும், எதிரே வெள்ளை விரிப்புப் போட்ட கப்பல் அதிகாரிகளின் மேசை இருப்பது போல அய்யம்பெருமாள் மணிக்கட்டை மெல்ல ஒரு திருப்புத் திருப்பி, அந்தச் சொட்டைக் கீழே விழாமல் பாட்டிலின் உதட்டிலேயே நிறுத்தி, துண்டால் ஒற்றி எடுத்தார்.